எத்தனை நாளாக உள்ளே இருந்தது

என் பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் அது பாதிப் பொய், நலமில்லை என்று எழுதினால் அதுவும் பாதிப் பொய், அதனால் எங்கள் நலத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதை மட்டும் படித்துவிட்டு மீதியைக் கிழித்துப் போட்டாலும் சரி. உன் அப்பா உயிரோடு இருக்கிறார். அவர் தலையில் ஆபரேஷன் நடந்தது நீ தள்ளியதால் இல்லை. உன் தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குச் செய்தி அனுப்பியபோது நீ "நான் தள்ளினதாலயா" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் போனை அணைத்துவிட்டாய். ஏழு வாரமாக அவள் இல்லை இல்லை என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறாள், ஒன்றையும் நீ பார்க்கவில்லை. உன் கம்பெனிக்குக் கூப்பிட்டால் லிஃப்ட் ரிப்பேருக்கு மேலே ஏறியிருக்கிறான் என்கிறார்கள். ஏழு வாரமாகவா ஒருவன் ஏறிக்கொண்டே இருப்பான்? அதனால்தான் கடிதம். போனை எடுக்காதவன் தபாலையாவது பிரிப்பான் என்று நம்பி எழுதுகிறேன்.

எல்லாம் ஆரம்பித்தது ஒரு பல்லிலிருந்து. நீ லீவுக்கு வருவதற்கு மூன்று வாரம் முன்பு அப்பாவுக்கு மேல் வரிசைக் கடைவாய்ப் பல் சொத்தையாகி முகம் ஒரு பக்கம் வீங்கிப்போனது. பல் டாக்டரிடம் போங்கள் என்றேன். நசுங்கின காரையே தட்டி நேராக்குற கை, ஒரு பல்லுக்குப் போய் இன்னொருத்தன்கிட்ட வாயைத் திறக்கணுமா என்று கேட்டார். பட்டறைத் தெருவில் எல்லோரும் இப்படித்தான் என்பது உனக்குத் தெரியாததா, வெல்டர் கண்ணில் விழுந்த இரும்புத் தூளைக் காந்தம் வைத்து எடுப்பார், கார் சீட் தைக்கிற அண்ணன் தன் விரல் கிழிந்தபோது தன் ஊசியாலேயே தைத்துக்கொண்டவர். நம்மிடம் இல்லாத எந்தக் கருவி டாக்டரிடம் இருக்கப்போகிறது என்ற எண்ணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறை முக்காலியில் உட்கார்ந்து பிளேயரை ஸ்பிரிட்டில் துடைத்து வாய்க்குள் விட்டார். பிடி கிடைக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, நீ பிடி, நான் தொடையில தட்டினதும் இழு என்றார். நான் பிடித்தேன். அவர் தலையை என் வயிற்றோடு இறுக்கி, ஒரு காலை முக்காலியில் முட்டுக்கொடுத்து இழுத்தேன். முதல் இழுப்பில் வரவில்லை, அவர் தரையை உதைத்தார், என் தொடையைப் பிடித்த பிடியில் ஐந்து விரல் தடமும் கன்றிப்போய் ஒரு வாரம் இருந்தது. இரண்டாவது இழுப்பில் மளுக்கென்று ஒரு சத்தம், ரத்தம் என் கை முழுக்க. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, இழுக்கும்போது ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. முப்பது வருஷம் அவர் கத்தும்போது நான் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறேன், அன்றைக்கு அவர் கத்தக் கத்த நான் இழுத்தேன். வந்தது பல்லின் மேல் பாதிதான், வேர் உள்ளேயே உடைந்து நின்றுவிட்டது. கிடக்கட்டும், வலி போயிடுச்சு என்றார். மருந்துக்கடை மாத்திரையை நாலு நாள் போட்டார், வீக்கம் வடிந்ததும் மீதியை டூல் பெட்டியில் எறிந்துவிட்டார்.

அதற்கப்புறம் இரண்டு வாரத்தில் தலைவலி என்று ஆரம்பித்தார். காலையில் எழுந்தவுடன் வாந்தி. நீ வந்திறங்கிய அன்றே பார்த்திருப்பாய், சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். எந்தச் சுத்தியல் எந்த ஆணியில் தொங்க வேண்டும் என்று கோடு போட்டு வைத்திருக்கிற மனிதர், எல்லாவற்றையும் மாற்றி மாற்றி மாட்டினார். சீட் தைக்கிற அண்ணன் என்னிடம் வந்து, உங்க ஆளு பட்டறைச் சுவரோரமா நின்னு ஒண்ணுக்குப் போறாரு, கேட்டா சிரிக்கிறாரு என்று சொன்னபோதுகூட நான் திமிர் என்றுதான் நினைத்தேன். கத்தினார், தட்டை எறிந்தார், உன் தங்கை பேசிக்கொண்டிருந்த போனைப் பிடுங்கித் தண்ணீர் வாளியில் போட்டார். வேறு வீட்டில் என்றால் இந்த மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அன்றே அலறியிருப்பார்கள். நம் வீட்டில் யார் அலறுவது? தெருவே அவரை இடி மாஸ்டர் என்றுதானே கூப்பிடுகிறது. அவர் குரல் ஏறினால் உன் தங்கை ஒன்றும் பேசாமல் கண்ணாடிச் சாமானை எடுத்து மேல் பலகையில் வைப்பாள், ஆறு வயதிலிருந்து அவளுக்கு அது பழக்கம். அந்த இரண்டு வாரமும் அதைத்தான் செய்தோம். டம்ளரைக் காப்பாற்றினோம், மனிதரைப் பார்க்கவில்லை.

நீ கிளம்ப வேண்டிய நாளைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும், ஏனென்றால் நீ அதைத்தான் மனதுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாய். வேன் டிரைவருடைய சிவப்புக் காரின் கதவை நாலு நாளாகத் தட்டி, விரலால் தடவிப் பார்த்து, அன்று காலையில்தான் முடித்திருந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட நீயும் நானும் போனபோது அதே கதவை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். கதவுக் கண்ணாடி பொடிப்பொடியாகக் கொட்டியது, அவர் கையெல்லாம் ரத்தம், அது அவருக்குத் தெரியவே இல்லை. நான் கையைப் பிடித்தேன். என் கழுத்தைப் பிடித்து என்னை பானட் மேல் சாய்த்து அழுத்தினார், நீதான்டி என் தலைக்குள்ள எதையோ வச்சிட்ட என்று கத்தினார். எனக்கு மூச்சு நின்றது, மேலே சுத்தியல் தெரிந்தது, அதற்குள் நீ அவரைத் தள்ளினாய். அவர் பின்னந்தலை ஜாக்கியின் விளிம்பில் பட்டுக் கிழிந்தது. நீ சுத்தியலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நின்ற நிலை எனக்குக் கண்ணை விட்டுப் போகவில்லை, உன் கை அவரை அடிக்கத் துடித்தது, நீ அடிக்கவில்லை. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, இந்த ஆளு செத்தாலும் எனக்குச் சொல்லாத என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நீ தெரு திரும்புவதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்து, சாப்பாடு ஆச்சா என்று என்னைக் கேட்டார். ஒன்றுமே நடக்காத மாதிரி கேட்டார்.

மறுநாள் காலையிலும் காயத்தில் கசிவு நிற்கவில்லை. உன் தங்கை அவரை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள், நானும் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு போனேன். தையல் போட்ட டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், ஆனால் கெட்டிக்காரர். ஊசி குத்தும்போது இவர் முகம் சுளிக்கவில்லை என்று பார்த்தார், வலது கையால் என் விரலை அழுத்துங்க என்றார், பிடியில் பலமே இல்லை, உடம்பு அனலாகக் கொதித்தது. தலையில் அடிபட்டவர் என்பதால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று எழுதினார். வரிசையில் காத்திருந்தபோதே வலிப்பு வந்துவிட்டது. முதலில் வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது, பிறகு உடம்பு முழுக்க, நாற்காலியோடு விழுந்தார், நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்த நுரை. நானும் உன் தங்கையும் மேலே விழுந்து அமுக்கப் போனோம், ஒரு நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் நெட்டித் தள்ளிவிட்டு, அமுக்காதீங்க, வாயில எதையும் வைக்காதீங்க என்று அதட்டி, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். நல்லவேளை அந்தப் பெண் எங்களுக்குப் பயப்படவில்லை.

நீ தள்ளியதில் என்ன ஆனது என்று பார்க்க எடுத்த ஸ்கேன் அது. எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நெற்றிக்குப் பின்னால் இடது பக்கம், மூளைக்குள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு சீழ்க்கட்டி, பக்கத்தில் பட்டாணி அளவில் இன்னொன்று. ஆபரேஷன் செய்த டாக்டரம்மா என் தோள் உயரம்தான் இருப்பார், படத்தை வெளிச்சத்தில் வைத்து, இந்த இடம்தான் மனுஷனுக்குக் கடிவாளம், அதைத்தான் சீழ் அழுத்துது என்றார். இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டிருந்தால் உள்ளேயே உடைந்திருக்கும், உடைந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அடிபடலேன்னா இவரை இங்க கூட்டிட்டு வந்திருப்பீங்களா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல, வீட்டில் கண்ணாடிச் சாமானை மேலே எடுத்து வைத்திருப்போம் என்றா சொல்வது? நீ நன்றாகக் கேட்டுக்கொள். நீ தள்ளியதால் அவருக்கு நோய் வரவில்லை, நீ தள்ளியதால் நோய் வெளியே தெரிந்தது.

வைத்தியம் மூன்று விதம் என்று அந்த அம்மா உட்கார வைத்துச் சொன்னார். கட்டி சின்னதாக இருந்தால் மருந்தை மட்டும் ரத்தத்தில் ஏற்றிக் கரைக்கப் பார்ப்பார்களாம். பெரிதாக இருந்தால் மண்டையில் துளை போட்டு ஊசி விட்டுச் சீழை உறிஞ்சி எடுப்பார்களாம், அந்தச் சீழைச் சோதித்து எந்தக் கிருமி என்று பார்த்து அதற்கேற்ற மருந்தைக் கொடுப்பார்களாம். அதற்கும் அடங்காவிட்டால் எலும்பைப் பலகை மாதிரி திறந்து கட்டியை உறையோடு எடுப்பது. அப்பாவுக்குப் பெரியதில் ஊசி, சின்னதுக்கு மருந்து என்று முடிவு செய்தார்கள். பிழைப்பாரா என்று கேட்டேன். பூசி மெழுகவில்லை அந்த அம்மா. பத்துப் பேர் வந்தால் ஒருவர் திரும்பிப் போவதில்லை, போகிறவர்களில் பலர் பழைய ஆளாகவே போவார்கள், சிலருக்கு வலிப்போ கை கால் பலவீனமோ ஞாபகக் குறைவோ தங்கிவிடும், இவர் எந்தப் பக்கம் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். சம்மதக் காகிதத்தில் உன் தங்கைதான் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் முடிந்து வந்த முதல் பத்து நாள் மாதிரி எதிரிக்கும் வரக் கூடாது. இரண்டு கையையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள், கட்டாவிட்டால் மருந்துக் குழாயைப் பிடுங்கினார், ஒரு நர்ஸின் மணிக்கட்டைக் கடித்துவிட்டார், வாயில் வந்த கெட்ட வார்த்தையையெல்லாம் வார்டு முழுக்கக் கேட்கும்படி கொட்டினார். என்னைப் பார்த்து, இவளை வெளியே அனுப்பு, இவ கையில பிளேயர் இருக்கு என்று கத்தினார். இரண்டாவது வாரம் ஸ்கேன் எடுத்தால் கட்டி மறுபடி நிரம்பியிருந்தது, அதே துளையில் மறுபடி ஊசி. பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரப் பெண், உன் தங்கையைவிட இரண்டு வயது கூட இருக்கலாம், காதில் சீழ் வடிந்ததை வருஷக்கணக்காகப் பஞ்சு வைத்து அடைத்துவிட்டு வேலை பார்த்தவள், அவளுக்கும் இதே நோய். மூன்றாவது நாள் கட்டி உள்ளேயே உடைந்து, அவள் போய்விட்டாள். அவள் அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்ட சத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை. அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன், போனை எடுக்காத உன்னைத்தான்.

இருபதாம் நாளுக்கு மேல் காய்ச்சல் விட்டது. ஒரு காலையில் மருந்து மாற்ற வந்த நர்ஸிடம், என் மண்டையில துளை போட டிரில்லுல என்ன சைஸ் பிட்டு மாட்டுனாங்க என்று கேட்டார். நானும் உன் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அழுதோம், எங்கள் ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று. ஆறு வாரம் ஒருநாள் விடாமல் மருந்து ஏற்றினார்கள். பல் டாக்டரும் வந்து நான் விட்டுவைத்த வேரை இரண்டு துண்டாக எடுத்தார். அதைப் பார்த்ததும் அடக்க முடியாமல் ஆபரேஷன் அம்மாவிடம் போய், நான் இழுத்ததால்தானா என்று கேட்டேன். சொத்தைப் பல் சும்மா இருந்தாலே இது வரலாம், யார் இழுத்தது என்று கிருமி பார்ப்பதில்லை என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை, கவனித்தாயா. நான் கவனித்தேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். போன வாரம் கடைசி ஸ்கேன் எடுத்து, பெரியது வற்றிவிட்டது, சின்னது தழும்பு மாதிரி இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்கள். அப்பாவிடம் நடந்ததையெல்லாம் உன் தங்கை ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள், அவள் யாருக்கும் சலுகை கொடுப்பவள் இல்லை என்று உனக்குத் தெரியும். சுத்தியல் எடுத்தது அவருக்கு ஞாபகமே இல்லை. கிளம்பும் சமயத்தில் அந்த அம்மாவிடம், இந்தச் சீழ் எத்தனை நாளா உள்ள இருந்திருக்கும் டாக்டர் என்று கேட்டார். ஒரு மாதம், மிஞ்சிப்போனால் ஐந்து வாரம் என்றார் அவர். இவர் நகரவில்லை. வருஷக்கணக்கா இருக்க வாய்ப்பில்லையா, ஒரு பதினஞ்சு இருபது வருஷம் என்று மறுபடி கேட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டார், இருபது வருஷம் இருந்திருந்தா இப்ப என்கூட உக்காந்து பேசிட்டு இருக்க மாட்டீங்க என்றார். இவர் சிரிக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது அவர் எதற்காகக் கேட்டார் என்று. உனக்கும் புரியும்.

உனக்குப் பதினொரு வயது. பெயிண்ட் காயாத காரில் நீ விரலால் கோடு போட்டாய். அவர் பெல்ட்டைக் கழற்றினார். பக்கிள் பட்டு உன் தோள்பட்டையில் சதை பிய்ந்த இடம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது, இந்த லீவில் நீ குளித்துவிட்டு வந்தபோதும் பார்த்தேன். அன்றைக்கு நான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டேன். உன் தங்கை கண்ணாடிச் சாமானை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், நான் அவளுக்கு எட்டாததை வாங்கி மேலே வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எந்தக் கட்டியும் இல்லை, ஸ்கேன் எடுத்தாலும் என் தலையில் ஒன்றும் இருக்காது. என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஆனால் கதவைச் சாத்தியது நான்தான் என்று நானே எழுதிவிடுகிறேன்.

இப்போது நலத்தைச் சொல்கிறேன். அப்பா நடக்கிறார், சாப்பிடுகிறார், நேற்று காப்பி ஆறிவிட்டது என்று கத்தினார், உன் தங்கை டம்ளரை மேலே வைக்கவில்லை, அங்கேயே நின்று அவர் முகத்தையே பார்த்தாள், அவர் நிறுத்திவிட்டார். வலது கையில் சுத்தியல் நிற்பதில்லை, நாலு தட்டுக்கு மேல் விழுந்துவிடுகிறது. வலிப்பு மாத்திரை இரண்டு வருஷமாவது போட வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது. சிவப்புக் கார் கதவை வெல்டரும் சீட் தைக்கிற அண்ணனும் சேர்ந்து மறுபடி தட்டி முடித்துக் கொடுத்தார்கள், அப்பா முக்காலியில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருந்தார். இன்று காலை நான் உனக்கு எழுத உட்கார்ந்ததும் எதிரே வந்து உட்கார்ந்தார். எல்லாம் நோய் செய்த வேலை என்று எழுதிவிடட்டுமா, பிள்ளை மனது ஆறும் என்று கேட்டேன். சுத்தியல் நிற்காத அந்த வலது கையைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, அப்படி எழுதாத, நான் சொல்றதை எழுது, எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டு என்றார். சுத்தியல் எடுத்தது நோய். பெல்ட் எடுத்தது நான். அவனுக்கு எது எதுன்னு தெரியணும். இவ்வளவுதான் சொன்னார். வா என்று எழுதவா என்று கேட்டேன், அது அவன் இஷ்டம் என்று எழுந்து போய்விட்டார்.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், ஏறுகிற இடத்தில் எல்லாம் உன் கால் வழுக்காமல் இருக்கட்டும், கோபம் வந்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிற புத்தி உனக்கு எப்போதும் இருக்கட்டும், அது எங்கள் இரண்டு பேரிடமிருந்தும் வந்ததில்லை. ஒன்றை மறந்துவிடாதே, பல்லோ காதோ வலித்தால் அன்றே டாக்டரிடம் போ, கொடுக்கிற மாத்திரையைக் கடைசி மாத்திரை வரைக்கும் போடு. போனைத் திற.

உன் அம்மா

(நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். பெல்ட் எடுத்தது நான் என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தச் சொல்லி, பேனாவை வாங்கி இடது கையால் கீழே ஒரே ஒரு வார்த்தை கிறுக்கியிருக்கிறார். யாருடையது என்று தெரியாமல் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், இந்தக் கோணல் எழுத்து உன் அப்பாவுடையது.)

அப்பா